எழுபத்திரண்டு அடி

ஞாயிற்றுக்கிழமை, அரிசி களைந்த தண்ணீர்
போன வழியே திரும்பி வந்தது.
பேஸ்மென்ட் தரையின் வடிகண்ணில்
ஒரு கொப்புளம், அப்புறம் இன்னொன்று,
பிறகு
வீட்டுக்குள் நாங்கள் பேச்சில்கூடச் சேர்க்காத எல்லாம்.

வெண்டல் வந்தார்.
கேமரா பொருத்திய கம்பியை மெல்ல உள்ளே ஊட்டினார்.
திரையின் ஓரத்தில் அடிக்கணக்கு ஓடியது.
பதினெட்டில் மேப்பிள் வேர், சிக்கெடுக்காத தலைமயிராக.
முப்பத்தொன்றில் ஒரு தேக்கரண்டி
(எங்களுடையதல்ல, பூப்போட்ட பிடி).
நாற்பத்து நாலில்
தான் வட்டம் என்பதையே மறந்து
ஒட்டிக் கிடந்தது குழாய்.

"ஆரஞ்ச்பர்க்" என்றார். ஊர்ப்பெயர் என்று நினைத்தேன்.
ஊர்ப்பெயரும்தானாம். ஆனால் இது
தாள்கூழைத் தாரில் ஊறவைத்துச் சுருட்டிய குழாய்.
போர் முடிந்து ஆட்கள் திரும்பிய வருடங்களில்
வீடு அவசரம், இரும்பு அரிது.
பார்மாவில் எங்கள் தெரு மொத்தமும்
தாளின் மேல்தான் குடியிருக்கிறது.

விசா, வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம் என்று
தாள் தாளாகக் காட்டியே இந்த நாட்டுக்குள் வந்தவள் நான்.
இதுவும் தாளா என்று சிரித்தேன்.
தொகையைச் சொன்னார்.

தெருக்குழாயைத் தொடும் வரை எழுபத்திரண்டு அடியும்
உங்களுடையதே என்றது நகராட்சி.
பதினோரு வருடம் தவணை கட்டிய பிறகு
தெரியவந்த சொத்து.

மஞ்சள் இயந்திரத்தை ஓட்டியவள் அவர் மகள் மர்லீன்.
லாரிக் கதவில் இருவர் பெயரும், பொன்னிற எழுத்தில்.
பள்ளத்தின் இரு பக்கமும் இரும்புப் பலகை அணைகொடுத்த பின்தான்
ஒரு காலை உள்ளே வைத்தார்கள்.
அதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.
கயிறுகூட இல்லாமல் இறங்கியவர்களை
எங்கள் ஊரில்
செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் படித்திருக்கிறேன்.
படித்து, மடித்து, பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டிருக்கிறேன்.

காபி கொடுக்கப் போனேன்.
அலமாரியில் பீங்கான் கோப்பைகள் எட்டு.
கை நேராகப் போனது
பையனின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய
காகிதக் கோப்பைக்கு.
அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை, நன்றி சொல்லிக் குடித்தார்கள்.
"வெளிவேலைக்குக் காகிதம்தானே வசதி" என்றார் இளவரசு.
வசதிதான்.
எதற்காக நீண்டோம் என்பது
கைக்குத் தெரியும்.

மாலையில் தெருவே வந்தது பள்ளத்தைப் பார்க்க.
யாரும் பேசவில்லை.
எல்லாம் ஒரே வருடத்து வீடுகள்;
சாவுவீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்று
அவரவர் புல்தரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.
எதிர்வீட்டு ஹலீனா மட்டும்
தன் சாவியை என் உள்ளங்கையில் அழுத்தினாள்:
"ராத்திரி எத்தனை மணியானாலும்."
இரண்டு நாளும் துண்டும் டார்ச்சுமாக
தெருவைக் கடந்தோம், வரிசையாக.
அவள் வீட்டில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை
அவ்வளவு கவனமாக இதற்கு முன் கேட்டதில்லை.

பழைய குழாயின் துண்டை மர்லீன் காட்டினாள்.
விரலை வைத்தேன்.
நமத்த அப்பளம்போல் அடுக்கு அடுக்காக உரிந்தது.
அரைநூற்றாண்டுக்கும் மேல், இதுவா?

வெள்ளைக் குழாய் இறங்கியது.
அடிக்குக் கால் அங்குலம் சாய்வு.
கூடினால் நீர் ஓடிவிடும், கனம் தங்கிவிடும்.
குறைந்தால் இரண்டும் நிற்கும்.
ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தபடி
மூச்சைப் பிடித்திருந்தாள் மர்லீன்,
நானும்.

இரண்டாம் நாள் காபியைப் பீங்கானில் கொண்டுபோனேன்.
அதையும் யாரும் கவனிக்கவில்லை.
கவனித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்.

"இப்போ!" என்று கீழேயிருந்து குரல்.
மாடியில் பிடியை அழுத்தினேன்.
திறந்திருந்த சோதனைக்குழாய்க்குள் எட்டிப்பார்த்த பையன்
"போயிடுச்சு, போயிடுச்சு!" என்று கத்தினான்,
ரயிலைக் கண்டவன்போல்.

மண் மூடி, புல்விதை தூவி, வைக்கோல் பரப்பிப் போனார்கள்.
ராத்திரி கழுவி அடுக்கும்போது எண்ணினேன்.
கோப்பைகள் ஏழு.
மண்மேட்டின்மேல் வெண்டல் ஒன்றை வைத்ததைப் பார்த்த ஞாபகம்.

தேடப் போகவில்லை.
விதை இன்னும் முளைக்கவில்லை.
முன்வாசலில் இறங்கும்போதெல்லாம்
கால் ஒரு இடத்தில் கொஞ்சம்
தயங்குகிறது.